வென்டிலேட்டர் மூச்சு கொடுக்கும்... இருமலை யார் கொடுப்பது? மரக்காணம் கரையிலிருந்து ஒரு பார்வை

கொரோனா காலத்தில் நாடு முழுக்கக் கேட்ட கேள்வி, "எத்தனை வென்டிலேட்டர் இருக்கு?" என்பதுதான். 2020 மே மாதம் பிஎம் கேர்ஸ் நிதியிலிருந்து 2,000 கோடி ரூபாய் ஒதுக்கி, உள்நாட்டில் தயாரான 50,000 வென்டிலேட்டர்கள் வாங்க முடிவானது. அடுத்த ஆண்டு ஜூலையில் 23,123 கோடி ரூபாய்க்கான அவசரகாலத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 736 மாவட்டங்களிலும் குழந்தைகளுக்கான சிகிச்சைப் பிரிவு, 20,000 ஐசியூ படுக்கைகள், அவற்றில் 20 சதவீதம் குழந்தைகளுக்கு என்பது அந்தத் திட்டத்தின் முக்கிய அம்சம்.

எந்திரம் பற்றிய கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. அதன் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆள் பற்றிய கணக்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை. வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையால் இருமவும் முடியாது, சளியைத் துப்பவும் முடியாது. அந்தச் சளியை யார் எடுப்பது, எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது?

கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரு வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் போடப்படும் டியூபின் உள் அகலம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். அதை அடைக்க ஒரு துளி கெட்டிச் சளி போதும். விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கரையைப் போல, பெரிய மருத்துவமனைக்குச் சுமார் 35 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஊர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியமானது. அங்கே ஆபத்து ஐசியூவில் தொடங்குவதில்லை, ஆம்புலன்ஸிலேயே தொடங்கிவிடும்.

டியூப் போட்டதும் என்ன நடக்கிறது?

நுரையீரலைச் சுத்தமாக வைக்க உடம்பிடம் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்ணிழைகள். தூசி, கிருமி ஒட்டிய சளியை இவை மெல்ல மெல்ல மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இன்னொன்று இருமல். ஆழமாக மூச்சை இழுத்து, குரல்வளையை மூடி, உள்ளே அழுத்தத்தை ஏற்றி, பட்டென்று திறந்து காற்றைப் பீய்ச்சுவதுதான் இருமல்.

டியூப் போட்டவுடன் இரண்டுமே கெட்டுப்போகின்றன. டியூப் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் குரல்வளையை மூட முடியாது. குழந்தை அசையாமல் இருக்கக் கொடுக்கும் மயக்க மருந்து, இருமல் உணர்வையே மங்க வைக்கும். மூக்கு செய்யும் வேலையும் நின்றுவிடும். வெளிக்காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி உள்ளே அனுப்புவது மூக்குதான். ஆனால் மருத்துவமனைக் குழாய்களில் வரும் ஆக்சிஜனும் காற்றும் கிட்டத்தட்ட ஈரமே இல்லாதவை. அதை அப்படியே உள்ளே விட்டால் நுண்ணிழைகளின் வேகம் குறையும். சளி காய்ந்து பசையாகும்.

"வென்டிலேட்டர்ல வச்சிருக்காங்க, மெஷின் பார்த்துக்கும்" என்று உறவினர்கள் ஆறுதல் சொல்லிக்கொள்வது வழக்கம். மெஷின் காற்றைத் தள்ளும். அடைப்பு வந்தால் அலாரம் அடிக்கும். சளியை அது எடுக்காது.

குழந்தைகளுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

காரணம் எளிய இயற்பியல். குழாய் வழியாகக் காற்று சீராகப் போகும்போது, குழாயின் ஆரம் குறையக் குறைய எதிர்ப்பு நான்கு மடி வேகத்தில் ஏறும். டியூபின் உள்சுவரில் அரை மில்லிமீட்டர் தடிமனுக்குச் சளி படிகிறது என்று வைத்துக்கொள்வோம்.

• பெரியவருக்குப் போடும் 8 மி.மீ. டியூப் 7 மி.மீ. ஆகும். எதிர்ப்பு சுமார் 1.7 மடங்கு.

• குழந்தைக்குப் போடும் 4 மி.மீ. டியூப் 3 மி.மீ. ஆகும். எதிர்ப்பு 3 மடங்குக்கு மேல்.

அதே அளவு சளிதான். பெரியவர் சமாளித்துவிடுவார், குழந்தை திணறும். பெரியவர்களின் நுரையீரலில் ஒரு காற்றறைக்குப் போகும் வழி அடைபட்டால், பக்கத்து அறையிலிருந்து காற்று கசிந்து வர நுண்வழிகள் உண்டு. சின்னக் குழந்தைகளிடம் அந்தக் குறுக்குவழிகள் முழுதாக வளர்ந்திருக்காது. அதனால் ஒரு கிளைக்குழாயில் சளி அடைத்தால் அதற்குக் கீழுள்ள பகுதி சீக்கிரமே சுருங்கிப்போகும்.

வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையின் நிலை திடீரென்று மோசமானால், டாக்டர்கள் உடனே நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: டியூப் நகர்ந்துவிட்டதா, டியூப் அடைத்துக்கொண்டதா, நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து அழுத்துகிறதா, எந்திரத்தில் கோளாறா. உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கப்படும் பட்டியல் இது. அடைப்புக்கு அதில் இரண்டாவது இடம்.

மரக்காணத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிறது மரக்காணம். 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். ஒரு பக்கம் மீனவக் குப்பங்கள், இன்னொரு பக்கம் கழுவெளி சதுப்பு நிலம். உப்பு வாருவது வெயில் மாதங்களில்தான். மழை தொடங்கினால் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய்த் தொற்று அதிகமாக வருவதும் அந்த மழை மாதங்களில்தான்.

இப்படிப்பட்ட கரையோரத்தில் ஒரு குழந்தையை வென்டிலேட்டர் வரை கொண்டுபோகக்கூடிய காரணங்கள் சில உண்டு. நிமோனியா, கைக்குழந்தைகளுக்கு வரும் மூச்சுச் சிறுகுழாய் அழற்சி, தண்ணீரில் மூழ்குவது, வீட்டில் வைத்திருந்த பூச்சிக்கொல்லியைத் தவறுதலாகக் குடிப்பது, பாம்புக்கடி.

இவற்றில் கட்டுவிரியன் கடியைத் தனியாகப் பார்க்க வேண்டும். தரையில் படுத்துத் தூங்குபவர்களை இரவில் கடிக்கும் பாம்பு இது. கடித்த இடத்தில் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது. சில மணி நேரத்தில் கண் இமை சரியும், விழுங்க முடியாது, வாயில் எச்சில் தேங்கும், பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். விஷமுறிவு மருந்து கட்டாயம் தேவை. ஆனால் நரம்பு முனையில் ஏற்கனவே நடந்துவிட்ட சேதத்தை அந்த மருந்து உடனே சரிசெய்யாது. நரம்பு தானாகத் தேறி வரும் வரை, சில நாட்களுக்கு வென்டிலேட்டர்தான் துணை.

இந்தக் குழந்தையின் நுரையீரல் ஆரோக்கியமானது. குறை ஒன்றுதான், இரும முடியவில்லை, விழுங்க முடியவில்லை. சளியையும் எச்சிலையும் சரியாக எடுத்து, தொற்று வராமல் பார்த்துக்கொண்டால் குழந்தை எழுந்து நடந்து வீட்டுக்குப் போகும். எடுக்கத் தவறினால், பாம்பின் விஷத்தில் தப்பிய குழந்தை நிமோனியாவில் போய்விடலாம். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பாதிப்பாக அறிவித்தது. கடித்தவர் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு இதனால் தெளிவாகும். வென்டிலேட்டர் வரை போனவர்கள் எப்படித் தேறினார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் பயன் இன்னும் அதிகம்.

பூச்சிக்கொல்லி விஷயத்தில் பிரச்சினை வேறு மாதிரி. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து உடம்பில் சேர்ந்தால் எச்சிலும் மூச்சுக்குழாய்ச் சுரப்பும் ஊற்றெடுக்கும். அட்ரோபின் ஊசி வேலை செய்யும் வரை, உறிஞ்சி எடுப்பது ஒன்றுதான் காற்றுவழியைத் திறந்து வைக்கும்.

சளியை அகற்ற என்னென்ன செய்கிறார்கள்?

இதை ஒரே சிகிச்சை என்று நினைக்கக் கூடாது. ஐந்தாறு வேலைகள் சேர்ந்தது.

*காற்றை ஈரமாக்குவது:* முதல் வேலையும் முக்கியமான வேலையும் இதுதான். வென்டிலேட்டரிலிருந்து வரும் காற்றைச் சூடான நீர்க்கலம் வழியாக அனுப்பி, உடம்பின் வெப்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். ஒரு லிட்டர் காற்றில் குறைந்தது 33 மில்லிகிராம் நீராவி இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மூச்சு சிகிச்சைச் சங்கத்தின் பரிந்துரை. இது சரியாக இருந்தால் சளி கெட்டியாகாது. பின்னால் வரும் பாதி வேலை மிச்சம். நீர்க்கலம் வற்றிப்போனதைக் கவனிக்காமல் விட்டால், எவ்வளவு விலை உயர்ந்த எந்திரமும் குழந்தைக்கு வறண்ட காற்றைத்தான் ஊதும்.

*படுக்கும் நிலை:* தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, வாயைச் சுத்தம் செய்வது. செலவில்லாத வேலைகள். வென்டிலேட்டரால் வரும் நிமோனியாவைத் தடுக்கும் நடைமுறைகளில் கை கழுவுவதோடு இவையும் சேரும்.

*சக்‌ஷன்:* மெல்லிய குழாயை டியூபுக்குள் விட்டு உறிஞ்சி எடுப்பது. சளி உண்மையில் வெளியே வரும் வழி பெரும்பாலும் இதுதான்.

*பிசியோதெரபி:* நெஞ்சில் தட்டுவது, அதிர்வு கொடுப்பது, மூச்சு வெளியே போகும் நேரத்தில் மெல்ல அழுத்துவது.

*மருந்துகள்:* நெபுலைசர் வழியாக உப்பு நீர், சளியை இளக்கும் மருந்துகள்.

*இருமல் உதவி எந்திரம்:* காற்றை உள்ளே தள்ளி, சட்டென்று வெளியே இழுத்து, இருமலைப் போலவே செய்யும் கருவி. தசை பலவீன நோய் உள்ள குழந்தைகளுக்கு உதவும்.

சக்‌ஷன் போட்டால் நல்லதுதானே? அடிக்கடி போடலாமே?

கூடாது. இங்கேதான் பழைய வழக்கமும் புதிய வழிகாட்டுதலும் முட்டிக்கொள்கின்றன.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மணி பார்த்து உறிஞ்சுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை குழாய் உள்ளே போகும்போதும் குழந்தைக்கு ஒரு விலை உண்டு. ஆக்சிஜன் அளவு இறங்கும். இதயத் துடிப்பு குறையலாம். சளியோடு சேர்த்துக் காற்றையும் உறிஞ்சுவதால் நுரையீரலின் சில பகுதிகள் சுருங்கும். உள்சுவர் உரசி ரத்தம் கசியலாம். தலையில் அடிபட்ட குழந்தையாக இருந்தால் மூளைக்குள் அழுத்தம் ஏறும்.

அமெரிக்க மூச்சு சிகிச்சைச் சங்கம் 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம் இது:

• மணி பார்த்து வேண்டாம். தேவை தெரிந்தால் மட்டும் சக்‌ஷன். டியூபில் சளி கண்ணுக்குத் தெரிவது, நெஞ்சில் கரகரப்புச் சத்தம், வென்டிலேட்டர் திரையில் காற்றோட்டக் கோடு ரம்பப் பல் மாதிரி ஆவது ஆகியவை அறிகுறிகள்.

• உறிஞ்சும் குழாய், குழந்தைகளின் டியூபில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது.

• குழந்தைகளுக்கு உறிஞ்சும் அழுத்தம் 120 எம்எம்எச்ஜிக்குக் கீழே.

• ஒரு முறைக்கு 15 விநாடிக்கு மேல் கூடாது; அதற்கு முன் ஆக்சிஜன் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

• சளியை இளக்க என்று டியூபுக்குள் சலைன் ஊற்றும் பழக்கத்தைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும்.

எதிலும் புது எந்திரம் தேவையில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருவர் தேவை. மணி பார்த்துச் செய்வதற்கு அட்டவணை போதும். தேவை பார்த்துச் செய்ய வேண்டுமென்றால் பயிற்சி பெற்ற கண் வேண்டும்.

முதுகில் தட்டினால் சளி வந்துவிடுமா?

குழந்தைக்குச் சளி கட்டினால் முதுகில் தட்டுவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். மருத்துவமனையிலும் அது நீண்ட காலம் வழக்கமான சிகிச்சையாக இருந்தது. ஆய்வுகள் சொல்வது கொஞ்சம் வேறு.

பிரான்ஸில் கைக்குழந்தைகளின் மூச்சுச் சிறுகுழாய் அழற்சிக்கு நெஞ்சு பிசியோதெரபி கொடுப்பது பரவலான வழக்கம். பாரிஸ் வட்டாரத்தில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 496 குழந்தைகளிடம் அதைச் சோதித்து, 2010ல் முடிவு வெளியானது. சிகிச்சை கொடுத்த குழந்தைகள் சீக்கிரம் குணமாகவில்லை. வாந்தியும், சிகிச்சை நேரத்தில் மூச்சு நிலை தடுமாறுவதும் அவர்களிடம் அதிகமாக இருந்தன. இவர்கள் வென்டிலேட்டரில் இருந்தவர்கள் அல்ல என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைகளைப் பற்றி ஐரோப்பிய நிபுணர் குழு 2017ல் ஒருமித்துச் சொன்னதும் இதே திசையில்தான்: நெஞ்சு பிசியோதெரபியை எல்லோருக்குமான வழக்கச் சிகிச்சையாகக் கருத முடியாது.

ஆபத்தான உதாரணமும் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1992 முதல் 1994 வரை, மிகக் குறைமாதத்தில் பிறந்த 13 குழந்தைகளுக்கு ஒரு அரிய வகை மூளைச் சேதம் வந்தது. முதல் சில வாரங்களில் கொடுத்த நெஞ்சு பிசியோதெரபியோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று 1998ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. காரணம் அதுதானா என்று பின்னர் விவாதம் எழுந்தது. ஆனால் 'தட்டுறதுல என்ன ஆயிடப்போகுது' என்ற நினைப்பை அந்தச் சம்பவம் உடைத்தது.

அப்படியானால் பிசியோதெரபிஸ்ட் வேண்டாமா? வேண்டும். சளி அடைத்து நுரையீரலின் ஒரு மடல் சுருங்கிய குழந்தை, தசை பலவீன நோய் உள்ள குழந்தை, சளி மிக அதிகமாகச் சுரக்கும் குழந்தை ஆகியோருக்கு அவரின் கை உதவும். யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும்.

உப்புக் கரையில் உப்பு நீர் சிகிச்சை

மரக்காணத்தில் உப்பைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உப்பு இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வரும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். ஈரக்காற்றில் உப்பு மூட்டை கசிவதைப் பார்த்தே வளர்கிறார்கள். மூச்சுக்குழாயிலும் கிட்டத்தட்ட அதேதான் நடக்கிறது. உப்பு அதிகமுள்ள நீரை நெபுலைசரில் கொடுத்தால், அது சுற்றியிருக்கும் திசுவிலிருந்து நீரை இழுத்துச் சளியை இளக்கும். வழக்கமான சலைனில் உப்பு 0.9 சதவீதம். குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் செறிவான உப்பு நீரில் 3 சதவீதம். கடல் நீரில் சுமார் 3.5 சதவீதம்.

இந்தச் சிகிச்சைக்குக் கடலோடு வேறொரு உறவும் இருக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் சளி பசை மாதிரி கெட்டியாகும். அந்த நோயுள்ள ஆஸ்திரேலியர்களில் அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்கு மூச்சு நன்றாக இருப்பதை அங்குள்ள மருத்துவர்கள் கவனித்தார்கள். 7 சதவீத உப்பு நீரை வைத்து நடந்த ஆய்வுகள் 2006ல் வெளியாகி, அந்த நோய்க்கு அது பலன் தருவதாகக் காட்டின.

ஆனால் ஒரு நோய்க்குச் சரியானது எல்லாவற்றுக்கும் சரியாகாது. மூச்சுச் சிறுகுழாய் அழற்சியில் ஆய்வு முடிவுகள் கலவையாக இருக்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2014 வழிகாட்டுதல், அவசர சிகிச்சைப் பிரிவில் வேண்டாம், உள்நோயாளிகளுக்கு வேண்டுமானால் கொடுக்கலாம் என்றது. வென்டிலேட்டரில் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்தால் எந்திரத்திலிருந்து சீக்கிரம் வெளிவருவார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சில குழந்தைகளுக்கு உப்பு நீர் மூச்சுக்குழாயை இறுக்கவும் செய்யும்.

வீட்டில் சொந்தமாக உப்பைக் கரைத்து நெபுலைசரில் ஊற்றுவது மிக ஆபத்து. மருத்துவமனையில் கொடுப்பது கிருமி நீக்கி, அளவு பார்த்துத் தயாரித்த திரவம். உப்பளத்து உப்பு சமையலுக்கு, நுரையீரலுக்கு அல்ல.

70 ஆண்டுக்கு முன்பே கற்ற பாடம்

1952ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை செயலிழந்து சேர்ந்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்றே வாரங்களில் இறந்தார்கள். அப்போதிருந்த மூச்சு எந்திரங்கள் நெஞ்சை வெளியிலிருந்து விரிய வைப்பவை. விழுங்கவும் இருமவும் முடியாத நோயாளிகள், தங்கள் எச்சிலிலும் சளியிலும் மூழ்கினார்கள். எந்திரத்தால் அதைத் தடுக்க முடியவில்லை.

மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் வேறு வழி சொன்னார். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டு டியூப் போட்டார்கள். அதன் வழியாகச் சளியை உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுத்தார்கள். சிறுமி பிழைத்தாள். அடுத்த சில மாதங்கள் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

இன்றைய ஐசியூவின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். பையை அழுத்தும் வேலையைப் பிற்பாடு எந்திரம் எடுத்துக்கொண்டது. சளியைக் கவனித்து எடுக்கும் வேலை இன்னும் கையில்தான் இருக்கிறது.

அந்தக் கைகளின் எண்ணிக்கைதான் இந்தியாவில் பிரச்சினை. வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது ஐசியூக்களுக்கான பரிந்துரை. ஒரே செவிலியர் மூன்று, நான்கு படுக்கைகளைப் பார்க்கும் வார்டில், 'தேவை தெரிந்தால் மட்டும் சக்‌ஷன்' என்ற விதி நடைமுறையில், 'நேரம் கிடைத்தால் சக்‌ஷன்' என்றாகிவிடும். மூச்சு சிகிச்சைக்கென்றே படித்தவர்கள் இந்தியாவில் உண்டு. பிசியோதெரபிஸ்ட்டுகளையும் இவர்களையும் ஒரே தேசிய ஆணையத்தின் கீழ் கொண்டுவரும் சட்டம் 2021ல் நிறைவேறியது. சட்டம் அங்கீகாரம் தரும். அரசு மருத்துவமனையின் இரவுப் பணியில் ஒரு பணியிடத்தை உருவாக்க, தனி ஆணையும் தனி நிதியும் வேண்டும்.

வழியில் இருக்கும் ஆபத்து

மரக்காணத்திலிருந்து மேல்சிகிச்சைக்குப் போக மூன்று திசைகள். தெற்கே ஈசிஆரில் காலாப்பட்டு பிம்ஸ், அதைத் தாண்டி சுமார் 35 கி.மீ. தூரத்தில் ஜிப்மர். மேற்கே திண்டிவனம் அரசு மருத்துவமனை, அங்கிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. வடக்கே செங்கல்பட்டு, சென்னை. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்தவர்களும் இப்படித்தான் பிம்ஸ், ஜிப்மர், முண்டியம்பாக்கம் என்று பிரித்துக் கொண்டுபோகப்பட்டார்கள்.

டியூப் போட்ட குழந்தைக்கு இந்தப் பயணம் சாதாரணமல்ல. குலுக்கலில் டியூப் நகரலாம். ஈரமில்லாத சிலிண்டர் ஆக்சிஜன் நேராக உள்ளே போகும். சளி அடைத்தால் ஓடும் வண்டியிலேயே கண்டுபிடித்து எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 108 சேவை 2008லேயே தொடங்கிவிட்டது. குழந்தையின் அளவுக்கு ஏற்ற உறிஞ்சும் குழாய், வேலை செய்யும் சக்‌ஷன் எந்திரம், அதைக் குழந்தையிடம் பயன்படுத்திப் பழகிய ஒருவர் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அந்த வண்டி குழந்தைக்கு ஐசியூ.

சாலையே இல்லாமல் போகும் நாட்களும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மரக்காணத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. உப்பளங்கள் மூழ்கின. மாவட்டத்தில் பல சாலைகள் துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட இரவில் மேல்சிகிச்சைக்கு அனுப்ப முடியாத குழந்தையை, விடியும் வரை உள்ளூர் மருத்துவமனைதான் காப்பாற்ற வேண்டும். அங்கே உள்ள செவிலியருக்கு டியூப் அடைப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது, கூடுதலாக ஒரு வென்டிலேட்டர் இருப்பதைவிட அந்த நேரத்தில் உதவும்.

வீட்டுக்கு வந்த பிறகு?

சில குழந்தைகள் கழுத்தில் துளையிட்ட டியூபோடுதான் வீட்டுக்கு வருவார்கள். அப்போது செவிலியர் வேலை அம்மா, அப்பாவிடம் வந்துவிடும். இருவரும் விடியலில் உப்பளத்துக்குப் போகும் வீட்டில், பாட்டியோ அக்காவோதான் குழந்தையோடு இருப்பார்கள். அதனால் பயிற்சி ஒருவருக்கு மட்டும் போதாது. குறைந்தது இரண்டு பேருக்கு வேண்டும்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் இவையெல்லாம் கையில் இருக்க வேண்டும்: சக்‌ஷன் எந்திரம், சரியான அளவு உறிஞ்சும் குழாய்கள், அதே அளவிலும் ஒரு அளவு சின்னதாகவும் மாற்று டியூப், டியூப் வழியாகப் போகும் காற்றை ஈரப்படுத்தும் ஏற்பாடு, அம்பு பை. கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கும் பதில் வேண்டும். பேட்டரியில் ஓடுவதோ, காலால் மிதித்து இயக்குவதோ, ஏதாவது ஒரு மாற்று சக்‌ஷன் இல்லாமல் புயல் கரையில் உள்ள வீட்டுக்குக் குழந்தையை அனுப்பக் கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். மருத்துவமனைக்குள் நடப்பதற்கு அது பெரிய துணை. தினக்கூலிக் குடும்பத்தை அழுத்துவது, வீட்டுக்கு வந்த பின் மாதாமாதம் வாங்க வேண்டிய குழாய்களும் பழுதாகும் எந்திரமும்தான்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

ஐசியூ வாசலில் நிற்கும் பெற்றோர் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். இந்த ஐந்தையும் மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை:

• குழந்தைக்குப் போகும் காற்று ஈரமாக்கப்படுகிறதா?

• இன்று சளி எப்படி இருக்கிறது? நிறம், கெட்டித்தன்மை, அளவு மாறியிருக்கிறதா?

• தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறதா? வாய் சுத்தம் செய்யப்படுகிறதா?

• பிசியோதெரபி கொடுக்கிறார்கள் என்றால், எந்தக் காரணத்துக்காக?

• இன்று டியூபை எடுக்க முடியுமா என்று பார்த்தார்களா?

கடைசிக் கேள்விதான் பெரியது. டியூப் வெளியே வரும் நாளில்தான் குழந்தைக்குச் சொந்த இருமல் திரும்பக் கிடைக்கும். அதைவிட நல்ல சளி அகற்றும் சிகிச்சை எதுவும் இல்லை.

இரண்டு விஷயங்களைச் செய்யவே கூடாது. உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைத்தால், கை கழுவாமல் குழந்தையைத் தொடக் கூடாது. யாரோ சொன்னார்கள் என்று நெஞ்சில் தைலம் தேய்ப்பதோ தட்டுவதோ கூடாது.

இனி கேட்க வேண்டிய கணக்கு

வென்டிலேட்டர் வரை போகாமலே தடுப்பது எப்போதும் மேல். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி 2021லிருந்து தமிழ்நாட்டில் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இலவசமாகக் கிடைக்கிறது. பாம்புக்கடிக்குக் கட்டிலும் கொசுவலையும், பூச்சிக்கொல்லிக்குப் பூட்டிய அலமாரியும் நல்ல தடுப்பு.

அதையும் மீறி ஒரு குழந்தை எந்திரத்துக்குப் போகும்போது, எத்தனை வென்டிலேட்டர் என்ற எண் பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதிக் கதை மூன்று எண்களில் இருக்கிறது: இரவு இரண்டு மணிக்கு ஒரு செவிலியருக்கு எத்தனை படுக்கை, எத்தனை குழந்தைகளுக்கு டியூப் அடைத்தது, வென்டிலேட்டரில் இருக்கும்போது எத்தனை பேருக்கு நிமோனியா வந்தது. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையும் இந்த மூன்றையும் மாதாமாதம் வெளியிட்டால், அடுத்த முறை நிதி ஒதுக்கும்போது எதை வாங்குவது, யாரை நியமிப்பது என்று முடிவு செய்வது சுலபமாகும்.